டிரைவர் பக்கத்துக் கண்ணாடி

ஸ்க்ரூடிரைவர் மறுபடியும் வழுக்கிக் கட்டைவிரலில் குத்தியதும் அவள் காரைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். பிள்ளைகள் ஏறுகிற கார் அது. அதற்குள் அந்த மாதிரி வார்த்தை எதுவும் போகக் கூடாது என்று அவளே வைத்திருந்த சட்டம். இன்றைக்குச் சட்டமாவது மண்ணாங்கட்டியாவது!

நல்ல உச்சி வெயில். காற்று வீசினாலும் புழுதியைத்தான் கொண்டுவந்து கொட்டியது. மதிலோரம் நிறுத்தியிருந்த காரின் கதவை அகலத் திறந்துபோட்டு, ஓட்டுகிறவர் சீட்டில் பாதியும் வெளியே பாதியுமாக உட்கார்ந்திருந்தாள். கதவுச் சன்னலின் முன்மூலையில், வெளியே பக்கக் கண்ணாடி மாட்டியிருக்கிற இடத்துக்கு நேர் உள்பக்கம், முக்கோணமாக ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதைக் கிளப்பினால்தான் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருக்கிற நட்டுகள் கண்ணில் படும். கிளப்புவதற்கு ஒரு பதம் இருக்கிறது. ஸ்க்ரூடிரைவர் நுனியில் துணியைச் சுற்றி, மேல்முனையில் விட்டு, பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற பொறுமையோடு நெம்ப வேண்டும். அவள் எங்கே நெம்பினாள்? குத்திக்கொண்டிருந்தாள்.

தெருவில் எல்லாரும் அவளைக் கார் அக்கா என்பார்கள். காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவதும் மத்தியானம் திரும்பக் கூட்டிவந்து வீடுவீடாக இறக்குவதும் அவள் வேலை. ஒரே ஒரு பிள்ளையில் ஆரம்பித்து, அந்தப் பிள்ளையின் அம்மா இன்னொரு அம்மாவிடம் சொல்லி, அவள் மற்றொருத்தியிடம் சொல்லி, இப்போது கார் நிறைய பிள்ளைகள். சாயங்காலமானால் அதே காரைப் புருஷன் எடுத்துக்கொள்வார். அவர் பிளம்பர். கூரைமேல் குழாய்களைக் கட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்புவார்.

அவர் நெட்டை, இவள் குள்ளம். அதனால் காலையில் இவள் ஏறியதும் சீட்டை முன்னால் இழுப்பாள், பக்கக் கண்ணாடியை விரலால் தள்ளி ரோடு தெரிகிறபடி வைத்துக்கொள்வாள். சாயங்காலம் அவர் ஏறி சீட்டைப் பின்னால் தள்ளி, கண்ணாடியை மறுபடி திருப்பி, "இது ஒரு இம்சை" என்று முனகிக்கொண்டே கிளம்புவார். கல்யாணமாகிக் கார் வாங்கின நாளிலிருந்து நடக்கிற கூத்து இது.

"என்ன அண்ணி, காரைக் கொலை பண்றீங்களா?"

பிளம்பரின் தங்கை. முன்னறையில் பார்லர் வைத்திருக்கிறாள். கையில் சாயம் பட்ட உறையோடு வாசலுக்கு வந்து நின்றாள். உள்ளே ஒருத்தி தலை நிறையச் சாயம் பூசிக்கொண்டு அது காய்வதற்காக உட்கார்ந்திருந்தாள்.

"கிட்ட வராதே. கடிச்சுடுவேன்."

"கடிங்க. காலையில வந்ததிலிருந்து யாரோடயும் பேசல, சாப்பிடல. என்னதான் ஆச்சு?"

"என்ன ஆச்சா? என் பொழப்பு போச்சு, அதான் ஆச்சு."

சொல்லிவிட்டு அவள் ஸ்க்ரூடிரைவரை மடியில் போட்டாள். அழப்போகிறாள் என்று நாத்தனார் நினைத்தாள். அழவில்லை. அழுகை வருகிற வழியையெல்லாம் கோபம் அடைத்துக்கொண்டிருந்தது.

"காலையில இந்தக் கண்ணாடியைத் தள்ளறேன், வர மாட்டேங்குது. ஒரு இம்மி அசையல. சீட்டுல உட்கார்ந்து பார்த்தா ரோடே இல்ல அதுல. மொட்டைமாடி தெரியுது, காயப்போட்ட துணி தெரியுது, வானம் தெரியுது. நான் என்ன விமானமா ஓட்டறேன்?"

"அப்புறம் ஏன் அண்ணி எடுத்தீங்க?"

"கேட்டியே ஒரு கேள்வி! நேரமாயிடுச்சு. பிள்ளைங்க வாசல்ல பையோட நிக்குதுங்க. கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஓட்டிடலாம்னு நெனச்சேன். அப்படித்தான் ஓட்டினேன். கடைசியா இரட்டைங்க வீடு. ரெண்டையும் ஏத்திட்டு வண்டியை எடுக்கப் போறேன், பின்னால ஒருத்தன் தண்ணி பாட்டிலைக் கவுத்துட்டுக் கத்தறான். அந்த ஒரு நொடி, பழக்கதோஷம், கண்ணாடியைப் பார்த்தேன். வண்டி எதுவும் வரல. மொட்டைமாடியில எந்த வண்டி வரும்? எடுத்துட்டேன்."

"ஐயையோ."

"ரொட்டிக்காரர். சைக்கிளோட சாஞ்சுட்டார். ரொட்டியெல்லாம் ரோட்டுல. முழங்கால் தேஞ்சு ரத்தம். மனுஷன் எழுந்து, 'பார்த்து எடுக்கக் கூடாதாம்மா'ன்னார். அவ்வளவுதான். நாலு வார்த்தை நறுக்குன்னு திட்டியிருந்தாக்கூட எனக்கு ஆறியிருக்கும்."

"பிள்ளைங்களுக்கு ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்ல. ஆனா இரட்டைங்களோட அம்மா கேட்டுல நின்னு பார்த்துட்டா. ஓடி வந்து ரெண்டையும் இறக்கிட்டா. நான் நடுரோட்டுல நின்னு கையெடுத்துக் கும்பிடறேன். என் தப்புதான், என் தப்புதான்னு. எனக்கே கேட்க அசிங்கமா இருந்துச்சு. 'மத்தவங்ககிட்டயும் பேசிட்டுச் சொல்றேன்'னு ரெண்டையும் தானே பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போனா. மத்தவங்ககிட்ட பேசினா முடிஞ்சது. ஒரு வீடு போனா எல்லா வீடும் போகும்."

நாத்தனார் உறையைக் கழற்றிக் கைப்பிடிச்சுவரில் வைத்துவிட்டு வந்தாள். "இப்ப இதைக் கழட்டி என்ன பண்ணப் போறீங்க?"

"உள்ள என்ன மாட்டிக்கிட்டிருக்குன்னு பார்க்கணும். உங்கண்ணன் சாப்பிட வரதுக்குள்ள சரி பண்ணிடணும். இல்லேன்னா தினமும் திருகித் திருகி நீதான் கெடுத்தேன்னு ஒரு பாட்டம் ஆரம்பிப்பார். இன்னைக்கு எனக்கு அதைத் தாங்கற தெம்பில்ல."

இந்தத் தடவை நிதானமாக நெம்பினாள். மூடி 'டக்' என்று கையோடு வந்தது. உள்ளே மூன்று நட்டுகள். அவற்றுக்குக் கீழே கதவின் வயிற்றுக்குள் போகிற ஒரு ஓட்டை. நட்டு நழுவி அதற்குள் விழுந்தால் கதவுப்பலகை முழுவதையும் பிரிக்க வேண்டும். அவள் தலையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்து ஓட்டையில் திணித்தாள்.

"நீ வெளிப்பக்கம் வந்து கண்ணாடியை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கோ. கடைசி நட்டு வந்ததும் பொத்துனு விழும்."

"எவ்வளவு கனம் இருக்கும்?"

"பிடிச்சுப் பாரு, தெரியும். பேசாதே."

ஸ்பானரை மாட்டித் திருகினாள். முதல் இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்டன. மூன்றாவது துருப்பிடித்து, வர மாட்டேன் என்றது. முழங்கையைக் கதவில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, உடம்பு பாரத்தையெல்லாம் ஸ்பானரில் கொடுத்தாள். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. நட்டு ஒருவழியாகக் கிறீச்சென்று அசைந்தது. கண்ணாடி நாத்தனார் கைக்கு வந்தபோது அவள், "அம்மாடி" என்று ஒரு அடி பின்னால் போனாள்.

பார்லர் ஸ்டூலை நிழலில் போட்டு, பழைய டவலை விரித்து, கண்ணாடியை அதன்மேல் வைத்தார்கள். கூட்டிலிருந்து கண்ணாடித் தகட்டை மட்டும் தனியே எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் கொக்கிகளில் மாட்டியிருக்கும். கொஞ்சம் சூடு காட்டினால் கொக்கி இளகும், கண்ணாடி உடையாது. நாத்தனார் உள்ளே போய் முடி உலர்த்துகிற மெஷினைக் கொண்டுவந்து, அதன் ஒயரைச் சன்னல் வழியாக உள்ளே செருகினாள். சாயக்காரியும் நாற்காலியைச் சன்னலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். இவ்வளவு நல்ல பொழுதுபோக்கு அவளுக்கு எந்தப் பார்லரில் கிடைக்கும்?

சூடு காட்டினார்கள். விரலைக் கீழ்விளிம்பில் விட்டு இழுத்தாள். அசையவில்லை. இன்னும் சூடு. இன்னும் இழுப்பு. கூடு முழுக்கச் சுட்டது. கடைசியில் சமையலறையிலிருந்து வெங்காயம் நறுக்குகிற கத்தியைக் கொண்டுவந்து இடுக்கில் விட்டுத் திருகினாள். ஒரு மூலை சில்லு தெறித்தது. கண்ணாடி வந்துவிட்டது.

வந்தது கண்ணாடி மட்டுமல்ல. அதன் முதுகில், திரும்புகிற மூட்டைச் சுற்றி, எலுமிச்சம்பழ அளவுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டி. நன்றாக அழுத்தி, அழுத்தினது போதாதென்று கட்டைவிரலால் வழித்துவிட்ட கட்டி. விரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது.

இரண்டு பேரும் அதையே பார்த்தார்கள்.

அது என்னவென்று அந்த வீட்டில் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வில்லைகளைச் சேர்த்துப் பிசைந்து குழாய் ஒழுகல்களை அடைக்கிற பசைமாவு. பிளம்பரின் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். ஆடுகிற பொருளைப் பார்த்தால் அவருக்குக் கை அரிக்கும். சாப்பாட்டு மேசையின் கால் ஆடியது, ஒட்டினார். சோப்புப் பெட்டி நழுவியது, ஒட்டினார். காற்றில் அடித்துக்கொள்கிறது என்று சமையலறைச் சன்னலை ஒட்டினார். அன்றையிலிருந்து அது திறப்பதில்லை, இவள் புகையில் நின்று சமைக்கிறாள். அதையெல்லாம் சொல்லிச் சொல்லி விருந்தாளிகளோடு சிரித்திருக்கிறாள் இவள். சிரித்த வாயை இப்போது அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"இது..." என்றாள் நாத்தனார்.

"சொல்லு."

"கண்ணாடி ஆடிச்சோ என்னமோ. அதான் அண்ணன்..."

"ஆடல."

"இல்ல அண்ணி, லொடலொடன்னு..."

"ஆடலேன்னு சொல்றேன்ல? சப்பைக்கட்டு கட்டாதே. திருப்பினா திரும்பற கண்ணாடி அது. நான் திருப்பறேன்னுதான் ஒட்டியிருக்கார்." "என் தப்பு, என் தப்புன்னு ரோட்டுல நின்னு கும்பிட்டேனே! ஊர் பார்க்கக் கும்பிட்டேனே!"

காலையிலிருந்து விலாசம் தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்த கோபம் அது. ஒரு நேரம் ரொட்டிக்காரர் மேல் போனது, ஒரு நேரம் தண்ணி பாட்டில் பையன் மேல் போனது, பெரும்பாலும் தன் மேலேயே திரும்பியது. இப்போது வீடு கண்டுபிடித்துவிட்டது.

பிளம்பர் கூட்டாளியின் பைக்கில் வந்து தெருமுனையில் இறங்கினார். வழக்கம்போல வாயில் ஏதோ பாட்டு. பசி நேரத்தில் அவர் எப்போதுமே குஷியாக இருப்பார், சாப்பாடு கிடைக்கப் போகிறது என்ற குஷி. ஸ்டூல் மேல் கிடந்ததைப் பார்த்ததும் பாட்டு நின்றது.

"யாரு கழட்டினது?"

"யாரு ஒட்டினதுன்னு முதல்ல சொல்லுங்க."

அவர் தங்கையைப் பார்த்தார். தங்கை வானத்தைப் பார்த்தாள்.

"ஒட்டினா என்ன இப்போ? கல்லு மாதிரி உட்கார்ந்திருந்துச்சு. கத்தியை விட்டு நெம்பிக் கண்ணாடியை உடைச்சு வச்சிருக்கே. இந்த அறிவு வேற யாருக்கு வரும்?"

"ஏன் ஒட்டினீங்க?"

"ஏன்னா? தினமும் நான் ஏறி உட்கார்ந்தா கண்ணாடியில என் டயர்தான் தெரியுது. தினமும் திருப்பணும். எத்தனை தடவை சொல்லியிருக்கேன், ஒரு இடத்துல வச்சா வச்ச இடத்துல விடுன்னு? கேட்டியா? நேத்து சாயங்காலம் மறந்துபோய் அப்படியே எடுத்துட்டேன். ஒரு லாரிக்காரன் உரசற மாதிரி வந்துட்டான். தெரியுமா உனக்கு? உயிர் போயிருக்கும். அதான், இனிமே இந்த ரோதனையே வேணாம்னு ஒரேயடியா முடிச்சேன்."

"அப்ப உங்களுக்குத் தெரியும். கண்ணாடி சரியா இல்லேன்னா உயிர் போகும்னு தெரியும்."

"தெரியாம என்ன?"

"தெரிஞ்சுதான் என் பக்கம் ஒட்டினீங்க."

பிளம்பருக்கு அந்தப் பேச்சின் முனை எங்கே இருக்கிறது என்று பிடிபடவில்லை. "உன் பக்கம் என் பக்கம்னு என்ன பேச்சு? ரெண்டு பேருக்கும் பொதுவாத்தான் வச்சேன்."

"பொதுவா! பொதுவுல எனக்கு வானம் தெரியுது, உங்களுக்கு ரோடு தெரியுது. நல்ல பொது!"

"தெரியலேன்னா சீட்டுல ஒரு தலகாணியைப் போட்டு ஒசரமா உட்காரேன். இதுக்குப் போயி..."

சன்னலோரம் சாயக்காரி, "அட கடவுளே" என்றாள், கொஞ்சம் சத்தமாகவே.

கார் அக்கா எழுந்தாள். கையில் கத்தி இருந்தது அவளுக்கே நினைவில்லை. நாத்தனார்தான் மெல்ல அதை வாங்கி வைத்தாள்.

"தலகாணி போடணுமா நான்? நான் தலகாணி போட்டு, எகிறி உட்கார்ந்து, பிரேக் எட்டாம ஓட்டணும். நீங்க ஒரு விரலை நீட்டிக் கண்ணாடியைத் தள்ள மாட்டீங்க. ஒரு விரல்! ஒரு விரல் வேலைங்க அது! உங்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தது யாரு? உட்கார்ந்ததும் முதல்ல கண்ணாடியைச் சரி பண்ணு, அப்புறம் சாவியைத் தொடுன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிச்சது யாருக்கு? எங்கிட்ட கத்துக்கிட்ட வேலையை எனக்கே முடக்கறீங்களே, ஒரு வார்த்தை சொன்னீங்களா? ஏம்மா, ஒட்டியிருக்கேன், பார்த்து எடுன்னு ஒரே ஒரு வார்த்தை?"

"நீ தூங்கிட்டிருந்தே."

"காலையில?"

"காலையில நான் குளிச்சிட்டிருந்தேன். ஏன் இப்படிக் கத்தறே? தெருவே பார்க்குது. என்ன குடி முழுகிப் போச்சு?"

"ரொட்டிக்காரரை இடிச்சுட்டேன்."

பிளம்பரின் பார்வை தானாக நழுவி, காரின் முன்பக்கம் போய், பம்பரைத் தடவி, கதவு வழியாகத் திரும்பி வந்தது.

"காருக்கு ஏதாச்சும்..."

"அண்ணே!" என்று தங்கை கத்தினாள். "மனுஷன்தானா நீங்க?"

"இல்ல, நான் கேட்க வந்தது..."

"என்ன கேட்க வந்தீங்கன்னு தெரிஞ்சுபோச்சு," என்றாள் அவள். "ஒண்ணும் ஆகல. உங்க காருக்கு ஒரு கீறல் இல்ல. ரொட்டிக்காரருக்குத்தான் முழங்கால் போச்சு. எனக்குப் பிள்ளைங்க போச்சு."

பிளம்பர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். கெட்டவர் இல்லை அவர். மழையில் தெரு முழுக்க முழங்கால் தண்ணீர் நிற்கும்போது யார் கூப்பிட்டாலும் சாக்கடையில் இறங்குகிறவர்தான். ஆனால் தனக்கு இடைஞ்சலாகத் தெரிகிற ஒன்று இன்னொருவருக்குத் தேவையாக இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. அவருடைய அம்மாவும் அப்படி எதையும் அவருக்குத் தோன்ற வைக்கவில்லை, கட்டிக்கொண்டவளும் சன்னல் விஷயத்தில் சிரித்து மழுப்பிவிட்டாள். கெட்டவராகவே இருந்திருந்தால் இவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

போன் அடித்தது. காரின் முன்பலகையில் கிடந்தது. இரட்டைகளின் அம்மா.

கார் அக்காவின் கை முழுக்கக் கருப்பு மசி. "எடுங்க," என்றாள் புருஷனிடம். "எடுத்து, யாரு ஒட்டினதுன்னு சொல்லுங்க."

"நானா? உங்கிட்ட பேசத்தானே..."

"கும்பிட்டது நான். சொல்றது நீங்க. எல்லாருக்கும் கேட்கற மாதிரி போடுங்க."

பிளம்பர் போனைத் தட்டி ஸ்பீக்கரில் போட்டார்.

"நான் அவங்க வீட்டுக்காரர் பேசறேங்க."

"ஓ, நீங்களா. நல்லதாப் போச்சு. உங்ககிட்டதான் பேசணும்னு இருந்தோம்." அந்தக் குரல் தேன் மாதிரி இருந்தது. "தப்பா எடுத்துக்காதீங்க. நாங்க எல்லாரும் பேசிப் பார்த்தோம். அவங்க நல்ல மாதிரிதான். ஆனா பிள்ளைங்க விஷயம் பாருங்க."

பிளம்பர் மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை.

"அது வந்துங்க... தப்பு அவ மேல இல்ல," என்றார். ஒவ்வொரு வார்த்தையையும் மென்று மென்று வெளியே விட்டார். "பக்கக் கண்ணாடியை நான்தான் ஒட்டிட்டேன். பசை வச்சு. எனக்குத் தோதா. அவகிட்ட சொல்லல. அவளுக்குப் பின்னால எதுவும் தெரியாது அதுல. அதான் அப்படி ஆயிடுச்சு. தப்பு என்னோடது."

சொல்லிவிட்டார்! நாத்தனார் மூச்சு விட்டாள். இவளுக்குக்கூட நெஞ்சில் ஏதோ ஒன்று கொஞ்சம் இறங்கி வந்தது.

"பாருங்களேன்," என்றது மறுமுனைக் குரல், முன்னைவிடக் கனிவாக. "எவ்வளவு பெரிய மனசு உங்களுக்கு! எந்த ஆம்பளை இப்படி ஒத்துக்குவார்? இதுக்குத்தாங்க நாங்களும் நெனச்சோம். நாளையிலிருந்து நீங்களே ஓட்டிடுங்களேன். நீங்க ஓட்டறதா இருந்தா எங்க யாருக்கும் ஆட்சேபணையே இல்ல. நிம்மதியா இருப்போம்."

சன்னலோரம் சாயக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிளம்பர் உதட்டை நனைத்துக்கொண்டார். அவருக்கு அப்போது என்ன தோன்றியதோ, அவருக்கே வெளிச்சம். வேலைக்கு வீடுவீடாகப் போகிறவர், வீட்டுக்காரம்மாக்கள் எது சொன்னாலும் ஒரே பதில் சொல்லிப் பழகின நாக்கு.

"சரிங்க," என்றார்.

போன் நின்றது.

"அண்ணே," என்றாள் தங்கை, அழாத குறையாக. "என்ன சொன்னீங்க இப்போ?"

"வாய்தவறி வந்துடுச்சு. அந்தம்மா அப்படிப் பேசறப்போ... நான் திருப்பிக் கூப்பிட்டு..."

"வேணாம்," என்றாள் கார் அக்கா.

அன்றைக்கு முழுவதிலும் அவள் சத்தமில்லாமல் பேசினது அந்த ஒரு வார்த்தைதான். அதைக் கேட்டுத்தான் பிளம்பர் உண்மையிலேயே பயந்தார்.

ஸ்டூல் முன்னால் உட்கார்ந்தாள். மெஷினைத் தட்டி, கட்டியின்மேல் சூடு காட்டினாள். இளக இளகக் கத்தி முனையால் சுரண்டினாள். சாம்பல் துணுக்குகள் டவலில் உதிர்ந்தன. எல்லாம் போகும்வரை தலை நிமிரவில்லை. மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டாள். கண்ணாடியைக் கொக்கியில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினாள். 'டக்'. விரலால் தள்ளிப் பார்த்தாள். மேலே போனது, கீழே வந்தது.

பிளம்பர் எழுந்து பக்கத்தில் வந்தார். "கொடு, நட்டை நான் இறுக்கறேன். உன் கைக்கு..."

"தொடாதீங்க."

"நான் இல்லாம..."

"நீங்க இல்லாமத்தான் கழட்டினேன். தள்ளுங்க."

நாத்தனார் வெளிப்பக்கம் நின்று பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு நட்டாக மாட்டினாள். மூன்றையும் பாதி பாதி இறுக்கி, பிறகு முழுக்க இறுக்கினாள். ஓட்டையிலிருந்து துண்டை உருவினாள். முக்கோண மூடியைக் கையால் குத்தி உட்கார வைத்தாள். சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடியைத் தள்ளி, ரோட்டைப் பார்த்தாள். தெருவின் கடைசிவரை தெரிந்தது.

"சாப்பாடு?" என்றார் பிளம்பர், எதையாவது பேச வேண்டுமே என்று.

"அடுப்பு மேல இருக்கு. சன்னலைத் திறந்து வச்சுட்டுச் சாப்பிடுங்க. திறக்குதான்னு பாருங்க."

காரை எடுத்துக்கொண்டு போனாள்.

பள்ளிக்கூட மதிலோரம் அவளுக்கென்று ஒரு இடம் உண்டு. யாரும் அங்கே வண்டி நிறுத்த மாட்டார்கள். இன்றைக்கும் காலியாகத்தான் இருந்தது. அம்மாக்கள் நாலைந்து பேர் கேட்டுக்குப் பக்கத்தில் குடையோடு நின்றார்கள். வழக்கமாக வராதவர்கள். கார் நின்றதும் பேச்சு நின்றது. அவள் இறங்கவில்லை. கைகளை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மசி போகவில்லை.

மணி அடித்தது. பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் பேசி முடிவெடுத்த விஷயம் என்ன தெரியும்? கதவு திறந்திருக்கிற கார், தெரிந்த கார். எல்லாம் ஓடிவந்து வழக்கம்போல முட்டி மோதி ஏறின. "கார் அக்கா, ரொட்டி மாமாவுக்குக் கால் சரியாயிடுச்சா?" என்று ஒன்று கேட்டது. இரட்டைகளும் ஏறிவிட்டன.

"இறங்குங்க ரெண்டு பேரும்," என்று அவர்கள் அம்மா வேகமாக வந்தாள். ஒருத்தி இறங்கினாள். மற்றவள், "என் இடம் போயிடும்," என்று சீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அந்த அம்மா முன்கதவுப் பக்கம் குனிந்தாள். முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டிருந்தாள். "உங்க வீட்டுக்காரர் வரேன்னாரே?"

"நாளையிலிருந்துன்னீங்க."

"ஆமா, ஆனா..."

"நாளைக்கும் வர மாட்டார்."

"சரின்னு சொன்னாரேம்மா."

"அவர் யார் எது சொன்னாலும் சரின்னுடுவார். நான்தான் விடமாட்டேன்." அவள் குரலை உயர்த்தவுமில்லை, தாழ்த்தவுமில்லை. "அடுத்தவங்க கண்ணை மறைக்கறோம்னு தெரியாம கண்ணாடியை ஒட்டி வச்ச ஆளும்மா அவர். அவரை நம்பி இந்தப் பிள்ளைங்களை நான் எப்படி ஏத்துவேன்? எனக்கு நிம்மதியா இருக்குமா? காலையில கண்ணாடி திரும்பலேன்னு தெரிஞ்சும் வண்டியை எடுத்தேன். அது என் தப்பு, அதுக்கு மட்டும் என்னைத் திட்டுங்க. இனி திரும்பாத கண்ணாடியோட வண்டி நகராது, அது எப்பேர்ப்பட்ட அவசரமா இருந்தாலும். வேணாம்னா பிள்ளையை இறக்கிக்கோங்க. வேற ஆள் பாருங்க. ஆனா என் காரை ஓட்ட ஆள் நீங்க பார்க்காதீங்க."

குடைக்காரிகள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். யாரும் கிட்டே வரவில்லை. யாரும் தங்கள் பிள்ளையைக் கூப்பிடவுமில்லை.

இரட்டைகளின் அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. ஒரு பிள்ளை உள்ளே, ஒரு பிள்ளை வெளியே. என்ன செய்வாள்? வெளியே நின்றவளைப் பின்னால் தள்ளி ஏற்றினாள். பிறகு முன்கதவைத் திறந்து, தானும் ஏறி உட்கார்ந்தாள்.

"நானும் வரேன். நீங்க எப்படி ஓட்டறீங்கன்னு நான் பார்க்கணும்."

"தாராளமா. பெல்ட்டைப் போடுங்க."

அந்த அம்மா பெல்ட்டைப் போட்டாள். பையை மடியில் வைத்துக்கொண்டு, ரோட்டைப் பார்க்க முன்னால் குனிந்து உட்கார்ந்தாள். கார் அக்கா தன் பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தாள், நடுக்கண்ணாடியைப் பார்த்தாள், அந்தப் பக்கத்துக் கண்ணாடியைப் பார்க்கத் திரும்பினாள். வண்டியை எடுக்கவில்லை.

"என்ன?" என்றாள் அந்த அம்மா.

"தலையைப் பின்னால சாய்ங்க. எனக்கு மறைக்குது."

அந்த அம்மா சாய்ந்துகொண்டாள். கார் நகர்ந்தது.